ஜெசிதாவிடம் கேட்டீர்களா, அப்பா?

குருநகர்
10.02.2025

அன்பு மகள் டிலக்ஷிக்கு,

நேற்று உன் அப்பன் மாதா கோயில் வாசலில் ஒரு பெட்டி றோல்ஸோடு முழிசிக்கொண்டு நின்றான். போனில் சொல்லலாமென்றால் கொம்மா பறித்துவிடுவா, பிறகு தாயும் மகளும்தான் கதை. அதனால் எழுதுகிறேன்.

நீ வாழ்கிற நாட்டு இராணுவத்தில் சார்ஜன்ட் பயிற்சிக்குத் தெரிவானதற்கு நன்றிப் பூசை என்று பங்குச் சுவாமியைக் கொண்டு எல்லோருக்கும் கேட்க வாசிப்பித்தேன். சனம் திரும்பிப் பார்க்க, நெஞ்சை நிமிர்த்தியதில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துவிட்டது. பூசை முடிந்து றோல்ஸ் பெட்டியைத் திறந்தபோதுதான் கொம்மா காதுக்குள் சொன்னா:

"அவளைப் பயிற்சியாலை நிப்பாட்டிப் போட்டாங்களாம். பிள்ளைத்தாச்சி எண்டு. முதலே சொன்னா நீங்கள் பூசைக்குள்ளை அழுவியள்."

வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் "ஓம், ஓம்" என்றபடி றோல்ஸ் தின்னக் கொடுத்தேன்.

மனம் உடையாதே. உன் அதிகாரி "உன் நன்மைக்குத்தான்" என்றாராம். நல்ல மனுசன் போல. எங்கள் கடற்கரை வாடியில் வலையிலிருந்து நண்டு எடுக்கிற ஜெசிதாவுக்கும் உன்னைப் போல நாலு மாதம். பிள்ளைத்தாச்சி தொட்ட வலையில் மீன் படாது என்பார்கள் எங்கடை ஆக்கள். "பிள்ளை பிறக்குமட்டும் வீட்டிலை ஆறுதலா இரு" என்று நானும் அனுப்பிவிட்டேன். ஆகவே சண்டை பிடிக்காதே.

மருமகன் றஜிந்தனைக் கேட்டதாகச் சொல்.

அப்பா செபநாயகம்

24.02.2025

அன்புள்ள அப்பா,

எனக்கு ஒரு றோல்ஸ்கூட மிச்சம் வைக்கவில்லையே!

அந்தப் பயிற்சி முக்கால்வாசியும் வகுப்பறையில்தான். பாரம் சுமந்து ஓடுவதைத் தவிர எல்லாம் செய்யலாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே என் பெயரை வெட்டினார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபம், அப்பா. போன வருடம் இப்படி "ஓய்வெடுக்க" அனுப்பப்பட்டவள் இன்னும் களஞ்சியத்தில் போர்வை மடிக்கிறாள். அவளுக்குப் பின் சேர்ந்தவர்கள் இப்போது அவளுக்கு மேலே.

முறைப்பாடு கொடுத்துவிட்டேன். றஜிந்தனுக்குப் பயம். எனக்கும்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். வீட்டில் இரு என்று சொல்ல முன் ஜெசிதாவிடம் கேட்டீர்களா? என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் டிலக்ஷி

குருநகர்
12.03.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை முதல் தரம் வாசிக்கக் கோபம் வந்தது. இரண்டாம் தரம் வாசித்துவிட்டுச் செருப்பைக் கொழுவிக்கொண்டு ஜெசிதா வீட்டுக்குப் போனேன்.

"வேலைக்கு வர விருப்பமோ பிள்ளை?"

"இப்பதான் கேக்கிறியள், அண்ணை! குனியிறதுதான் கஷ்டம். பிள்ளை வயித்திலைதான், கையிலை இல்லை."

வீட்டுப் பழைய மேசையை வாடிக்குக் கொண்டுபோய் வலையை அதன்மேல் போட்டேன். கதிரையில் இருந்தபடியே நண்டு எடுக்கிறாள். இப்போது மற்றப் பெண்களும் மேசை கேட்கிறார்கள்.

மறுநாள் வலையில் பட்டது பாசி மட்டும். என்னோடு தொழிலுக்கு வருகிற கிருஷாந் முகத்தை நீட்டினான்.

"சொன்னனான்தானே அண்ணை, பிள்ளைத்தாச்சி தொட்ட வலை எண்டு."

"ஜெசிதா வராத போன மாசம் முழுக்க வெறும் வள்ளத்தோடை வந்தமே. அப்ப பிள்ளை உன்ரை வயித்திலையோ?"

கரையே சிரித்தது. அவன் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் மேசையை எடுக்கவில்லை.

நீயும் அந்த முறைப்பாட்டைத் திருப்பி வாங்காதே.

அப்பா

02.04.2025

அன்புள்ள அப்பா,

திங்கட்கிழமை பயிற்சி. என் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள்!

விசாரணையில் "உனக்கு என்னதான் வேண்டும்?" என்றார்கள். நான் உங்கள் மேசைக் கதையைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் எழுதிக்கொண்டார். அதிகாரி இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பரவாயில்லை. போர்வை மடிக்கிறவளும் முறைப்பாடு எழுதத் தொடங்கியிருக்கிறாள்.

உங்கள் டிலக்ஷி

குருநகர்
22.04.2025

அன்பு மகளுக்கு,

"திரும்பவும் நன்றிப் பூசையோ, செபநாயகம்?" என்று சுவாமி கேட்டார். "அவளின்ரை கையிலை சார்ஜன்ட் பட்டி ஏறட்டும் சுவாமி, அதுமட்டும் றோல்ஸ் வாங்கமாட்டன்" என்றேன். நண்டு நன்றாகப் படுகிறது. கிருஷாந் கதைக்கத் தொடங்கிவிட்டான், ஜெசிதாவுக்குக் கதிரையும் எடுத்துப் போடுகிறான்.

நேற்றுக் கொம்மா அதிசயமாகப் போனை என்னிடமே விட்டுவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனா. பேரப்பிள்ளை ஆணோ பெண்ணோ, எது விருப்பம் என்று கேட்டாய். "எதெண்டாலும் சுகமாப் பிறக்கட்டும்" என்றேன். வாயில் வந்தது அதுவல்ல. சொன்னால் அழுதுவிடுவேன், கொம்மா குசினிக்குள் இருந்து சிரிப்பா என்று விழுங்கிவிட்டேன்.

பொம்பிளைப்பிள்ளையாகவே பிறக்கட்டும், மகள்.

அப்பா