ஏஞ்சலின் ஆர்கனுக்கு ஒரு சப் ஊஃபர்

கும்மிடிப்பூண்டி
பிப்ரவரி கடைசி ஞாயிறு

என் அன்பு ஏஞ்சலுக்கு,

மோசஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் வாசலில் இருக்கும் உன் கறிவேப்பிலைச் செடியும் சுகம். விசாகப்பட்டினத்தில் நீயும், உன் தங்கை பிரின்சியும், அவள் வீட்டுக்காரரும், பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போனில் பேசினால் உனக்குக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இந்தக் காகிதம்.

பிரின்சி உன் காது டெஸ்ட் ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். காசநோயிலிருந்து உன்னைக் காப்பாற்றிய ஊசிதான் காதைக் கெடுத்தது என்று அந்த ஊர் டாக்டரும் சொல்லிவிட்டாராமே. மெல்லிய சத்தம், உச்சத்தில் வரும் சத்தம் எல்லாம் போய்விட்டது, கனத்த அடிச்சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். மில்லில் கிரேன் மேலே உட்கார்ந்துகூடப் படித்தேன். கீழே நாளெல்லாம் இரும்புக் கம்பி உருளுகிறது. அந்தச் சத்தத்தில் இத்தனை வருஷம் இருக்கிற என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. சபையில் ஆர்கன் வாசிக்கிற உன் காதுக்கு இப்படி ஆகிவிட்டது. இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் இருக்கும் நம் ஆர்கனை விற்றுவிடச் சொல்லிவிட்டுப் போனாய். நான் விற்கவில்லை. போன மழைக்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கி அதன் உள் ஸ்பீக்கர் எரிந்ததிலிருந்து ஊமையாக நிற்கிறது. ஆனால் பின்பக்கம் வெளி ஸ்பீக்கர் மாட்டத் துளை இருக்கிறது. அடிச்சத்தம் உனக்குக் கேட்கிறது என்றால், நீ காலால் மிதிக்கிற கால்கட்டைகளின் அடிச்சத்தத்தை நன்றாகக் கொடுக்கிற ஒரு பெட்டி கிடைத்தால் போதும் என்று யோசித்தேன்.

முதலில் அடுத்த வீட்டு ரகுவின் ஹோம் தியேட்டரைக் கொண்டுவந்து மாட்டினோம். படம் போட்டால் தெருவே அதிருமே, அதேதான். கால்கட்டையில் எதை மிதித்தாலும் ஒரே 'தும்'. நான் ராகம் தெரியாதவன் என்று நீ கேலி செய்வாய். எனக்கே தெரிந்தது, எல்லாம் ஒரே சத்தம் என்று. ரகு மட்டும், "அண்ணே, சவுண்டு சும்மா அள்ளிக்கினு வருது, இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்று கோபித்துக்கொண்டான்.

பிறகு லீவு போட்டுவிட்டு சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனேன். நாலு கடையில் ஆர்கன் என்றதும் சிரித்தார்கள். ஐந்தாவது கடைக்காரர் விஷ்ணுவர்தன் உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். முன்னால் ஓட்டை வைத்த பெட்டி வெடிச் சத்தத்துக்கு நல்லது, பாட்டுக்கு ஓட்டையில்லாமல் மூடிய பெட்டிதான் வேண்டும் என்றார். சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகக் கேட்குமாம். ஊஃபர் என்கிற அடிச்சத்த ஸ்பீக்கர் எட்டு அங்குலம் என்றால் அடிக்கட்டைகள் காணாமல் போய்விடும், பன்னிரண்டு அங்குலம் எடுங்கள் என்றார். போட்டும் காட்டினார். உண்மைதான் ஏஞ்சல். ஒவ்வொன்றும் படி இறங்குகிற மாதிரி தனியாகக் கேட்டது.

கைக்கட்டைகளுக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர் வேண்டும் என்றார். அந்தச் சத்தம் உனக்குக் கேட்காதே, ஊஃபர் மட்டும் போதாதா என்று கேட்டேன். "வெறும் ஊஃபர்ல பாட்டு எங்கேர்ந்து சார் வரும்? கூட இருக்கறவங்க கேக்க வேணாமா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டையும் வாங்கிவிட்டேன்.

ரயிலில் வியாபாரிகள் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மீன்கூடைக்காரம்மா ஒருவர், "இன்னாபா, கல்யாண சீரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள விஷ்ணுவர்தன் ஒரு வழி சொல்லியிருந்தார். ஊஃபரை நீ உட்காருகிற இடத்தில் வைத்து, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துவிட்டு, அறை முழுக்கத் தவழ்ந்து பார்க்க வேண்டும். எந்த இடத்தில் சத்தம் சமமாகக் கேட்கிறதோ, பெட்டி அங்கே போகவேண்டும். சாம்சன் கட்டையைப் பிடிக்க, நான் தவழ்ந்தேன். மூலையில் ஒரே இரைச்சல். பீரோ பக்கத்தில் சரியாக இருந்தது. பீரோ கதவு கடகடவென்று ஆடியது, அட்டை மடித்துச் செருகிவிட்டேன். ஜன்னலில் எட்டிப் பார்த்த ரகு, "இன்னாண்ணே தேடிக்கினு கீறே?" என்றான்.

சாம்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது சபையில் அவன்தான் கீபோர்டு வாசிக்கிறான். அக்கா வரும்வரைக்கும்தான் என்று எல்லோரிடமும் சொல்கிறான். ஈஸ்டருக்கு வா, ஏஞ்சல். சபைக்கு வரவேண்டாம், வீட்டுக்கு வா. ஒரு தடவை உட்கார்ந்து பார்.

கர்த்தர் உன் காதுகளைத் தொடுவாராக.

உன்
மோசஸ்


கும்மிடிப்பூண்டி
மே மாதம்

என் அன்பு ஏஞ்சலுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததைப் பிரின்சி தெரிவித்தாள். ரயிலில் நீ சாப்பிடவில்லை என்றும், புளிசாதப் பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்தாய் என்றும் சொன்னாள். இங்கே வெயில் கொளுத்துகிறது. ஒரு ஃபர்னஸை நிறுத்தியிருப்பதால் மில்லில் வேலை குறைவு. வீட்டிலேயே அதிகம் இருக்கிறேன்.

ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது அன்றைக்கு நடந்ததை நாம் பேசவே இல்லை. என் வாய் அசைவைப் பார்க்க நீ முகத்தைத் திருப்பவில்லை, நான் எழுதிக் காட்டத் துணியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஆர்கன் முன் உட்கார்ந்தபோது ரகுவும் அவன் மனைவி ஸ்நேகாவும் வாசலில் வந்து நின்றார்கள். நீ கால்கட்டையை மிதித்தாய். "கேக்குதா?" என்றேன். நீ தலையாட்டினாய். பிறகு ஞானப்பாட்டை ஆரம்பித்தாய். சாதம் பிசைகிற மாதிரி அத்தனை இயல்பாக உன் கைகள் போயின. ஆனால் அறையில் அடிச்சத்தம் மட்டும்தான் வந்தது. சின்ன ஸ்பீக்கர்களின் பிளக் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கழன்றிருந்தது.

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டிக் குனிந்தால் மாட்டியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன், ஏஞ்சல். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து நான் பார்க்காத முகம் அது. குனிந்தால் நீ கவனிப்பாய், நிறுத்திவிடுவாய் என்று பயந்து நின்றேன். நாலு சரணமும் வாசித்தாய். ராகமே இல்லாமல் வெறும் 'ம்ம்ம்' என்று வீடு முழுக்க ஓடியது. முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் கைதட்டினேன். ரகுவும் தட்டினான். ஸ்நேகாவால் முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ அவளைப் பார்த்தாய். அப்புறம் விளக்கு எரியாத ஸ்பீக்கரைப் பார்த்தாய்.

"சுச்சே போடலியா?" என்றாய்.

பிளக்கை மாட்டிவிட்டு, இன்னொரு தடவை வாசி என்று கெஞ்சினேன். நீ ஊஃபர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக மிதிக்கச் சொன்னாய். நான் கையால் அழுத்தினேன். எனக்கு ஒவ்வொன்றும் வேறு வேறாகக் கேட்டது. சபைப் பாட்டில் எதற்கும் குரல் சேராத எனக்குக் கேட்டது. நீ, "எல்லாம் ஒண்ணாத்தான் நடுங்குது" என்றாய். முன்னால் ரகுவின் பெட்டியைக் குறை சொன்னேன். இந்தப் பெட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீ அங்கே போன பிறகு உனக்கு மறுபடி டெஸ்ட் எடுத்ததையும் பிரின்சி எழுதினாள். மிச்சமிருந்த அடிச்சத்தமும் போய்விட்டதாம். ஊசியை நிறுத்தின பிறகும் சிலருக்கு இப்படிக் குறைந்துகொண்டே போகுமாம். ஆபரேஷன் பண்ணிக் கருவி வைத்தால் பேச்சு புரியலாம், பாட்டு பாட்டாக இருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அப்படியானால் வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டாயாம். வற்புறுத்த எனக்கு வாயில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் நம் சபை ஐயர் வந்து ஜெபித்தார். சாம்சனையே சபைக்கு நிரந்தரமாக வைக்கக் கமிட்டி முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். சாம்சன் அழுதான். நான்தான் அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். எங்கிருந்து எனக்கு வார்த்தை வந்ததோ தெரியவில்லை.

ஆர்கன்மேல் தூசி விழாமல் உன் பழைய போர்வையைப் போட்டு வைத்திருக்கிறேன். விற்பதா, யாருக்காவது கொடுப்பதா, நீ எழுது. நீ சொல்கிறபடி செய்கிறேன். இனி காதுக்கு இது நல்லது, அது நல்லது என்று எதையும் தூக்கிக்கொண்டு வரமாட்டேன். பிரின்சியிடம் நீ சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது: "அவரு என்னப் பாக்கவே இல்லடி, என் காதத்தான் பாத்துக்கினு இருந்தாரு."

அங்கே பிள்ளைகள் உன்னோடு கைச்சைகையில் பேசப் பழகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது ஒன்றும் தெரியாது. மேலே தூக்கு, கீழே இறக்கு, நிறுத்து என்று கிரேனுக்குக் கீழே நிற்பவன் காட்டுகிற சைகை மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு சாப்பிட்டாயா என்று எப்படிக் கேட்பது?

கர்த்தர் உன் மனதுக்குச் சமாதானம் தரட்டும். பண்டிகை எதற்கும் காத்திருக்க வேண்டாம். ஏதாவது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ரயில் ஏறி வா. இங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா வா. கேட்கிறதா என்று ஒரு தடவைகூட உன்னைக் கேட்கமாட்டேன்.

உன்
மோசஸ்