குரோம்பேட்டைப் பக்கம் நகர்ந்த பூஜை

என் அருமைச் சம்பந்தியம்மா ஸ்டெல்லாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "செத்துப்போனவளைப் பார்த்துக் கேக்கற கேள்வியாடி இது?" என்று சிரிப்பாய். சரி, கேட்கவில்லை. ஆனால் இன்று ஆயுத பூஜை. நம் பிரசவ வார்டில் ஒரு கூத்து நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகனும் என் மகளும் எல்.கே.ஜி. படித்தபோதே நாம் இரண்டு பேரும் பேசி முடித்த கல்யாணம் இன்னும் முறியவில்லை. மணமக்கள்தான் ஒருவரை ஒருவர் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போன வாரம் ரயில்வே ஸ்டேஷனில் உன் பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, உங்க பொண்ணுகிட்ட என் ஜியாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க" என்று புகார் சொன்னான். அப்பாவை விட உயரமாகிவிட்டான். உன் வீட்டுக்காரர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். குடிக்கலாம். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

நாம் இரண்டு பேரும் இந்தத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேலைக்கு வந்த புதிதில் மொட்டை மாடி எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? கொடி முழுக்க ரப்பர் கையுறைகள் தொங்கும். உபயோகித்ததைத் துவைத்துக் காயப்போட்டு, ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து, பவுடர் போட்டு, ஆட்டோகிளேவ் பானையில் நீராவியில் வேகவைத்து மறுபடி மாட்டுவோம். ஊதிப் பார்க்கும் வேலை நம் ஆயா தனபாக்கியத்துடையது. நல்லதெல்லாம் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். மிச்சம் இருந்தால் பிரசவத்துக்கு. இல்லாவிட்டால் வெறும் கைதான். முழங்கை வரை ரத்தத்தோடு நின்றுகொண்டு "ஆண் குழந்தை" என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். பயம் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது.

பிறகு எச்.ஐ.வி. வந்தது. ஊரே பயந்தது. டாக்டர்களும்தான். கர்ப்பிணிக்கு அந்த நோய் என்று தெரிந்ததும் "இங்க வசதி இல்லம்மா" என்று கையை விரித்த இடங்கள் எத்தனை? நீ மட்டும் கோபப்படவில்லை. "பயப்படறவங்களைத் திட்டி என்னடி பிரயோஜனம்? கையில மாட்ட ஏதாவது குடுத்துட்டு அப்புறம் வேலை வாங்கணும்" என்றாய்.

அதற்கு நீ பண்ணிய அட்டகாசம் கொஞ்சநஞ்சமா! ஜி.எஸ்.டி. ரோட்டில் பிளாட்பாரக் கடையில் பைக் ஓட்டுகிறவர்கள் போடும் கண்ணாடி வாங்கி வந்தாய். கண்ணில் ரத்தம் தெறிக்காமல் இருக்க. மார்க்கெட்டில் திராட்சைக் கொத்து படம் போட்ட பிளாஸ்டிக் மேஜை விரிப்பு வாங்கி, டெய்லரிடம் கொடுத்து எல்லோருக்கும் மேலங்கி தைத்தாய். உன்னைப் பார்த்த ஒரு கர்ப்பிணி வலியை மறந்துவிட்டு, "டாக்டரா, வெல்டிங் பட்டறை ஆளா?" என்று கேட்டாளே! நீ அசரவில்லை. "இந்த மாதிரி கேஸுக்கு மட்டும் போட்டா போதாதா?" என்று நான் முனகியதற்கு, "யாருக்கு என்ன இருக்குன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு? எல்லாப் பிரசவத்துக்கும் போடு" என்று ஒரே அதட்டல்.

அப்போதுதான் கனகா வந்தாள். முதல் பிரசவம். நோய் இருப்பது தெரிந்து இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவள். நீ அவளுக்கு வாக்குக் கொடுத்தாய். ஆஸ்பத்திரி டிரஸ்டி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். வேலை செய்கிறவர்களில் ஒருத்தருக்கு ஏதாவது ஆனாலும் இனி இந்த மாதிரிப் பெண்களுக்கு நம் வார்டில் இடம் இல்லை. நீ சரி என்றாய். அவரிடமே கெஞ்சிக் கூத்தாடிப் பிரசவ வார்டுக்கென்று தனியாகப் புதுக் கையுறைகளும் வாங்கினாய்.

கனகாவுக்கு வலி எடுத்தது ஆயுத பூஜை சாயங்காலம்தான். வாழைக்கன்று கட்டி, பூமாலை போட்ட ஆட்டோவில் ஊர்வலம் மாதிரி வந்து இறங்கினாள். நாம் கையுறை எடுக்க அலமாரியைத் திறந்தால், காலி!

பூஜை மேஜையைப் பார்த்தோம். ஸ்டெதாஸ்கோப், கத்தரி, தராசு, பொரிகடலை. நடுவில் நம் புதுக் கையுறை அத்தனையும். தனபாக்கியம் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்து, ஒவ்வொரு கையுறைக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள். மேலங்கியில் இருந்த திராட்சைக் கொத்துக்கும் பொட்டு. உன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் பொட்டு. எதையும் விடவில்லை மகராசி.

"எடு தனபாக்கியம், சீக்கிரம்" என்றாய்.

"இன்னாமா நீ, பூசைல வெச்சத எடுக்க சொல்ற? காலைல மறுபூச போட்டுத்தான் தொடணும். சாமி கண்ண குத்தும்."

மேஜைப் பக்கம் நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தானே! ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீதான் சட்டென்று சொன்னாய்: "எங்க பக்கத்து வீட்டு மாமி பூஜையை முடிக்கணும்னா சாமியைக் கொஞ்சம் வடக்கால நகர்த்துவாங்க. நானே பாத்திருக்கேன். வசந்தி, எதுடி வடக்கு?"

பதற்றத்தில் நான் பெருங்களத்தூர் பக்கம் கையைக் காட்டினேன். நீயும் மேஜையை அந்தப் பக்கம் தள்ளப் போனாய்.

"ஐயையோ, அது தெக்குமா! குரோம்பேட்ட பக்கமா தள்ளு!" என்று கத்தியது யார்? தனபாக்கியம்தான். கத்தியதோடு நிற்காமல் அவளே ஒரு கை கொடுத்து நகர்த்தினாள். அதோடு பூஜை முடிந்தது. அவளும் கையுறைகளை வாரிக்கொண்டு ஓடினாள், சந்தனத்தைக் கழுவி ஆட்டோகிளேவில் போட.

அது வேகும் வரைக்கும் என்ன செய்வது? நீ கனகாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். "டாக்டர், என்னைத் தொடறீங்களே" என்றாள் அவள். "கையைப் புடிக்கறதுக்கு எதுக்கும்மா கிளவுஸு? முக்காத, வாயால ஊதி ஊதி விடு" என்றாய். அவள் அழுதாள். வலியில் இல்லை.

அவளால் அடக்க முடியவில்லை. குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்தது. நான் வருவது வரட்டும் என்று வெறும் கையோடு முன்னால் போனேன். நீ போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"நில்லு வசந்தி! தைரியம் வேணாம், கிளவுஸ் வேணும். உனக்கு ஒண்ணுன்னா நாளைக்கே கதவைச் சாத்திடுவாங்க. அடுத்த கனகா எங்கடி போவா?"

நான் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு வேறு எங்கும் நின்றதில்லை. அந்த நேரத்தில் தனபாக்கியம் மூச்சிரைக்கக் கையுறைகள் வெந்த ஆட்டோகிளேவ் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வெந்த சூடு ஆறாத கையுறையை மாட்டிக்கொண்டு குழந்தையைப் பிடித்தாய். எவ்வளவு கழுவியும் போகாத மஞ்சள் புள்ளிகள் உன் விரல் முழுக்க. பிரசவ அறை முழுவதும் சந்தன வாசனை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கதவும் சாத்தப்படவில்லை.

கனகாவின் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்கு நோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அவள் கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். வாய் மட்டும் குறையவில்லை.

உனக்கு மூளையில் கட்டி வந்து நீ மெலிந்தபோது, தெருவில் சிலர் வேறு மாதிரி குசுகுசுத்தார்கள். பேஷன்ட்டிடமிருந்து தொற்றிக்கொண்டதாம். எனக்கு அவர்கள் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட வேண்டும் போல இருந்தது. நீ படுக்கையில் இருந்துகொண்டே, "நான் கிளவுஸ் போட்டிருந்தேன்னு சொல்லுடி" என்று கண்ணடித்தாய். அந்தச் சிரிப்பை எங்கே வாங்கினாய் ஸ்டெல்லா? எனக்கு உன் ஞாபகம் வராத நாளே இல்லை.

இப்போது இன்றைய கூத்துக்கு வருகிறேன். துவைத்து மாட்டும் கதையெல்லாம் போய்விட்டது. ஒரு தடவை போட்டுக் கழற்றி எறிகிற கையுறை பெட்டி பெட்டியாக வருகிறது. மாடிக் கொடியில் வெறும் துணிதான் காய்கிறது. ஆனால் அந்த ஆயுத பூஜைக்குப் பிறகு நம் வார்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது, உனக்குத் தெரியுமே. கையுறை, மாஸ்க், மேலங்கி, உன் பைக் கண்ணாடி, எல்லாம் ஒரு செட் பூஜைக்கு வெளியே தனியாக இருக்கும். அதற்குப் பொட்டு கிடையாது. வைக்கவும் தனபாக்கியம் யாரையும் விடுவதில்லை.

இன்று மத்தியானம் பூஜைக்கு எல்லாவற்றையும் அடுக்கியாயிற்று. சூடம் ஏற்றும் நேரத்தில் பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிள்ளை பாதி வழியில். புதிதாகச் சேர்ந்த டாக்டர் பெண், நல்ல சுறுசுறுப்பு, அப்படியே வெறும் கையோடு ஓடினாள். லேபர் ரூம் வாசலில் தனபாக்கியம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஆயா, வழி விடுங்க! இது நார்மல் கேஸ்தான்!"

"நெத்தில எழுதி ஒட்டிக்கினா கீது? தைர்யம்லாம் வோணாம்மா. கிளவுஸு வோணும். மாட்டிக்கினு உள்ள போ."

நான் சூடத் தட்டோடு அப்படியே நின்றேன். உன் குரல்தான் ஸ்டெல்லா. கொஞ்சம் வெற்றிலைப் பாக்கு வாசனையோடு வந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் அலுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்து, முகத்துக்கு நேராக அடித்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவள், "ஆயா, யாரோட கண்ணாடி இது?" என்று கேட்டாள்.

"அத்த வாங்கனவங்க இப்ப லீவுல போயிகீறாங்க" என்றாள் தனபாக்கியம். பிறகு கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, புறங்கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கனகா வந்த அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அதைப் பூஜை மேஜையில் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாள். "வேல முடிஞ்சிச்சில்ல, இப்ப வெக்கலாம்" என்றாள். பூஜைக்கு வெளியே அது இருந்த இடத்துக்கு அலமாரியிலிருந்து புது செட் வந்துவிட்டது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இந்த வார்டில் இருக்கும் வரை எந்தப் பெண்ணும் இங்கிருந்து திரும்பிப் போக மாட்டாள். எந்தக் கையும் வெறுமையாக உள்ளே போகாது, என்னுடையதும் சேர்த்து. ஜியாமெட்ரி பாக்ஸையும் நாளைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன்.

மணமக்கள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும்,
என்றும் உன் சம்பந்தி,
வசந்தி