தலைமுழுக்கு

மே 6, திங்கள்

என் அன்புக்குரியவளுக்கு,

போனை எடுக்க மாட்டாய். கடிதத்தையாவது படித்துவிட்டுக் கிழிப்பாய் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

நேற்று நீ பெட்டியோடு வந்து நிற்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. கதவைத் திறந்த நான் உன் சிவப்பு நைட்டியில், பீர் சொட்டச் சொட்ட நின்றேன். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அதே டாக்சியில் திரும்பிவிட்டாய்.

நான் குடிக்கவில்லை. எங்கள் லிப்ட் கம்பெனி சூப்பர்வைசர் ஒரு ஓட்டக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். ஞாயிறுதோறும் ஏதாவது வேஷம் போட்டு ஓடுவார்கள், முடிந்ததும் பீர் குடிப்பார்கள். நேற்று ஆண் பெண் எல்லோருக்கும் சிவப்பு கவுன். என்னிடம் ஏது கவுன்? கொக்கியில் உன் நைட்டிதான் தொங்கியது. கடைசியாக வருகிறவருக்கு ஒரு குவளை பீர். குடிக்க மாட்டேன் என்றால் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் நான்தான் கடைசி.

நீ அண்ணன் வீட்டுக்குப் போன நாளிலேயே குடியைத் தலைமுழுகிவிட்டேன். நம்பு.

நீ ஒப்புக்கொண்டால்,
உன் கணவன்


மே 9, வியாழன்

லிப்ட்காரருக்கு,

நைட்டியில் ஊர் சுற்றுகிறவருக்கு என்ன குறை, நலமாகத்தான் இருப்பீர்கள்.

கடிதத்தை அண்ணியிடம் காட்டினேன். "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. இது விடியறதுக்கு முன்னாடியே போயிடுச்சே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பேச்சை நம்பி, இங்கிருந்து ஒரு துணிகூட மிச்சம் வைக்காமல் உங்களிடம் கிளம்பி வந்தவள் நான். திரும்பிவந்து அவர் முகத்தில் விழித்த கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

குடிக்கிற கூட்டத்தில் குடிக்காதவருக்கு என்ன வேலை? பாலுக்குப் பூனை காவலா? உங்கள் சட்டையை முகர்ந்து முகர்ந்தே காலத்தை ஓட்டியவளிடம் இந்தக் கதையா? உங்களைத் தலைமுழுகிவிட்டேன் என்று அண்ணனிடம் சொல்லியாயிற்று.

நைட்டியின் ஓரம் கிழிந்திருந்ததையும் பார்த்தேன்.

இப்படிக்கு,
நைட்டியின் சொந்தக்காரி


மே 13, திங்கள்

நைட்டியின் சொந்தக்காரிக்கு,

ஓரத்தைத் தைத்துவிட்டேன். கோணலாகத்தான் வந்தது.

நீ கேட்டது நியாயம். குடியை விட்டபின் சாயங்காலங்கள் தீரவே மாட்டேன் என்கின்றன. சோடா குடிக்கிறவனோடு பழைய கூட்டாளிகள் உட்காருவதில்லை. நீயும் இல்லை. ஓடினால் மூச்சு வாங்குகிறது, நாலு பேரோடு சிரிக்கிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது. உன்னிடம் மறைக்க மாட்டேன், குவளை கைக்கு வரும்போது பயமாகத்தான் இருக்கும். கவிழ்த்த பிறகுதான் உயிர் வரும்.

ஓட்டம் பூங்கா வாசலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு முடியும். வந்து பார் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அதே கணவன்


மே 20, திங்கள்

ஷாம்பூவுக்கு,

இந்தப் பெயர் எப்படித் தெரியும் என்கிறீர்களா? நேற்று பூங்காவுக்கு எதிரே மருந்துக்கடைப் படியில் நின்றிருந்தேன். எல்லோரும் வந்து வெகுநேரம் கழித்து, கோமாளித் தொப்பியும் நீங்களுமாக மூச்சிரைக்க வந்தீர்கள். குவளையை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். நான் படியிலிருந்து ஒரு கால் இறங்கிவிட்டேன். அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குவளையைத் தலையில் கவிழ்த்தீர்கள். "ஷாம்பூ! ஷாம்பூ!" என்று ஒரே கூச்சல்.

"வாராவாரம் இதே கூத்துதாம்மா. அந்த ஆளு ஒரு சொட்டு வாயில வச்சு நான் பார்த்ததில்ல" என்றார் மருந்துக்கடைக்காரர்.

குடியைத் தலைமுழுகினேன் என்று எத்தனையோ பேர் சொல்வார்கள். குடியிலேயே தலைமுழுகுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். அங்கேயே வந்திருப்பேன். அழுத முகத்தோடு கூட்டத்துக்குள் வர வெட்கமாயிருந்தது.

சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன். ஞாயிறு நானும் ஓடுகிறேன். உங்களைவிட மெதுவாகத்தான் ஓடுவேன், இனி நீங்கள் கடைசி இல்லை. என் நீளக் கூந்தலுக்கு ஒரு குவளை போதாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவையுங்கள். நைட்டியைத் தொடாதீர்கள், தையலைப் பிரித்து நான் நேராகத் தைத்துக்கொள்கிறேன்.

கதவைத் திறக்கும்போது மட்டும் ஒழுங்கான சட்டை போட்டிருங்கள்.

உங்கள் மனைவி