போர்ச் விளக்கின் சுவிட்ச்

கிள்ளான்
6 மார்ச் 2025

மரியே வாழ்க

அன்புள்ள பெர்னிஸ் அப்பாவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் நீங்கள் "ம்" போட்டே முடித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் மகள் பெர்னிஸ் ஜொகூரிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள். உள்ளே முழுக்க ஸ்மார்ட் சுவிட்சுகள். வீட்டு விளக்கு, காற்றாடி எல்லாவற்றையும் இனிமேல் போனிலேயே போடலாமாம், அணைக்கலாமாம். அம்மா தனியாக இருட்டில் தடவிக்கொண்டு நடக்கிறாளே என்று அவளுக்குக் கவலை.

அவற்றைப் பூட்ட வந்த எலக்ட்ரீஷியன் கமலநாதன் ஹால் சுவிட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். புது சுவிட்சுக்கு வேண்டிய நியூட்ரல் வயர் சுவருக்குள் இல்லையாம். சுவரை வெட்டிப் புதிதாக இழுக்க வேண்டுமாம். நீங்கள் உங்கள் கையால் வயர் இழுத்த வீடு. உங்களைக் கேட்காமல் வெட்டவிட எனக்கு மனம் வரவில்லை.

எந்த அறைக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போட்டுத் தரவும் சொல்கிறான். கட்டிலில் உங்கள் பக்கத்து விளக்குக்கு என்ன சொல்வது? உங்கள் தம்பி ரேமண்டைப் பார்த்துக்கொள்ளப் பிரிக்பீல்ட்ஸ் போனீர்கள், சரி. அவரை அடக்கம் செய்தும் ஒரு வருடம் ஆகிவிட்டது. நீங்கள் திரும்பி வருவீர்களா, மாட்டீர்களா? யாராவது எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

உர்சுலா

பிரிக்பீல்ட்ஸ்
11 மார்ச் 2025

அன்புள்ள உர்சுலா,

கடிதம் கிடைத்தது. சுவரில் கை வைக்க விடாதே. அந்தக் காலத்தில் நியூட்ரலைச் சுவிட்சுக்கு இறக்கமாட்டோம், நேராக விளக்குக்குக் கொண்டுபோய்விடுவோம். அந்த ஸ்மார்ட் சுவிட்சின் வேலையைச் செய்ய, தீப்பெட்டி அளவில் மாடியூல் ஒன்று கிடைக்கிறது. அதைக் கூரையில், விளக்குக்கு மேலே வைக்கச் சொல். அதற்கு வேண்டிய இரண்டு வயரும் அங்கே இருக்கின்றன. பழைய சுவிட்சுகள் சுவரில் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதம் வந்ததிலிருந்து இதே நினைவுதான். சாயங்காலம் சாய்ந்து படுத்தால், கீழே போகும் ரயிலின் வெளிச்சம் கூரையில் ஊர்ந்து போகிறது. கண்ணை மூடுகிறேன். நம் வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடியாகி, உள்ளே ஓடும் வயர்கள் தெரிகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டே ஹாலிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து மாடிக்கு, ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டு போகிறேன். நீ எந்த அறையிலும் இல்லை. ஆனால் எல்லா அறையிலும் இப்போதுதான் எழுந்து போனதுபோல் நாற்காலி சூடாக இருக்கிறது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்று புரிவதில்லை.

கட்டில் விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். தெரியவில்லை.

லியனார்ட்

கிள்ளான்
20 மார்ச் 2025

அன்புள்ள பெர்னிஸ் அப்பாவுக்கு,

தெரியவில்லை என்று சொல்ல ஒரு ஸ்டாம்பா? போகட்டும்.

நீங்கள் சொன்ன மாடியூலைக் கமலநாதன் வைத்துவிட்டான். ஹால் விளக்கு இப்போது மெதுவாக ஏறுகிறது, மெதுவாக இறங்குகிறது. நேற்று அதைக் குறைத்துக்கொண்டே வந்து, மழைக்கு முன்னால் வருமே ஒரு வெளிச்சம், அதில் நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலைகூடச் சொல்லவில்லை.

வாசல் போர்ச் விளக்குதான் அவனுக்குப் பிடிபடவில்லை. அதன் சுவிட்ச் என் தலையணைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரு ஆன்டி இப்படி வயரிங் பண்ணது? இது கதவுகிட்ட இருக்கணும் லா" என்றான். நீங்கள் செய்த தப்பு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன், கேட்டால் கோபம் வரும் என்று கேட்டதில்லை.

இனி அந்தச் சுவிட்சே வேண்டாமாம். வீட்டு ஆட்களின் போனை இதில் சேர்த்துவிட்டால், அவர்கள் நம் லோரோங் சந்துக்குள் திரும்பும்போதே போர்ச் விளக்கு தானாக எரியுமாம். உங்கள் போனைச் சேர்க்கட்டுமா?

உர்சுலா

பிரிக்பீல்ட்ஸ்
26 மார்ச் 2025

அன்புள்ள உர்சுலா,

அது தப்பில்லை. போர்ட் கிள்ளானில் ஷிப்ட் முடிந்து நான் வரும்போது, நீ எழுந்து வராமல், படுத்தபடியே கையை நீட்டிப் போட வேண்டும் என்று வைத்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் போடுவாய். உள்ளே எனக்காக ஒருத்தி விழித்திருக்கிறாள் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும்.

ரேமண்டை அடக்கம் செய்த மறுவாரம் ஒரு மாலை, கமூட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. லோரோங் முனையில் நின்று பார்த்தேன், போர்ச் இருட்டாக இருந்தது. நான் வருவது உனக்கு எப்படித் தெரியும்? புத்திக்குப் புரிந்தது, மனசுக்குப் புரியவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

என் போனைச் சேர்க்காதே. தானாக எரிந்தால், என் போன் பக்கத்தில் வந்ததற்காக எரியும். எனக்கு நீ போட வேண்டும்.

லியனார்ட்

கிள்ளான்
2 ஏப்ரல் 2025

என் அன்புள்ள பெர்னிஸ் அப்பாவுக்கு,

சொல்லாமல் வந்து நின்றுவிட்டு, விளக்கு எரியவில்லை என்று ஒரு வருடம் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். நீங்கள் முனையில் நிற்பதை வானத்திலிருந்து சம்மனசு வந்தா எனக்குச் சொல்லும்? முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன். நீங்கள் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பெரிதாக இருக்கிறது.

போர்ச்சை மட்டும் தொடாதே என்று கமலநாதனிடம் சொல்லிவிட்டேன். மற்ற வேலையெல்லாம் முடிந்துவிட்டது. கிளம்பும் முன் போனில் எதையோ பதிந்துகொண்டே, வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டான். "ரெண்டு பேர்" என்றேன்.

குருத்து ஞாயிறுக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். இந்தப் பொய்யையும் ஒரு பாவமாக அங்கே சொல்ல வைத்துவிடாதீர்கள்.

உர்சுலா