இரண்டு சட்டைக்கு நூல்

ஐப்பசி, 1943. செவ்வாய்.

என் கணவரோடு சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துச் சென்ற வேலு, தப்பி வந்து இன்று காஜா பெராங் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கணவரின் கம்பளிச் சட்டையில் ஒரு கையைப் பிரித்து, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சட்டை பின்னிக்கொண்டிருந்தேன்.

"எம் மவன் எப்படிப்பா இருக்கான்?" என்று மாமியார் கேட்டார்.

"நல்லா இருக்காரும்மா."

வேலு என் முகத்தைப் பார்க்கவேயில்லை. வாசல்வரை பின்னால் போனேன்.

"நெசமாவா அண்ணே?"

"புள்ளைக்கு ரெண்டு சட்டையாவே பின்னும்மா. அந்தச் சட்டை நூல் ரெண்டுக்கும் காணும்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

மாமியார் இன்றுதான் மரவள்ளிக்கிழங்கை வயிறாரத் தின்றார். "அவன் சயாம் காட்டுக் குளிர்காய்ச்சலோட வருவான், சட்டை வேணும். இனிமே பிரிக்காத," என்றார்.

"சரி அத்தை," என்றேன்.

அவர் தூங்கியபின் மிச்சத்தையும் பிரித்துவிட்டேன்.