மார்கழியில் சோளகம்

2024 ஐப்பசி (ஒக்டோபர்) 9

எங்கள் பேஸ்புக் பக்கத்தைத் தொடர்பவர்கள் இன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். — சரி, தொள்ளாயிரத்துப் பதினெட்டு. நாளைக்கோ மறுநாளோ தாண்டத்தான் போகிறது. அதை இன்றைக்கே எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பக்கத்தின் பெயர் 'செபா அண்ணை கருவாடு'. கருவாடு போடுவது இரண்டு வீடு தள்ளி இருக்கும் மக்டலீன். வெட்டுவது, உப்புப் போடுவது, காய வைப்பது எல்லாம் அவள். கதைப்பது செபா அண்ணை, அதாவது நான். குருநகர் மீன் சந்தையில் இருபத்தாறு வருடம் ஏலம் கூறின தொண்டை இது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் படித்தவன் ஒருத்தனும் என்னைப் போலக் கூறமாட்டான். நான் குரல் எடுத்தால் எதிர்க்கரை மண்டைதீவில் கொக்குகள் எழும்பிப் பறக்கும்.

என் மனிசி அருமைநாயகி சொல்கிறாள்: "கொக்கு எழும்பினது உங்கடை சத்தத்துக்கில்லை, விடிஞ்சதுக்கு."

ஐப்பசி 27

மூன்று நாளாக மழை. மீன் காயவில்லை. இருந்தாலும் லைவ் போட்டேன். லண்டனில் இருந்து ஒரு பிள்ளை, பார்சல் எப்போது வரும் என்று கேட்டா. "வாற கிழமை உங்கடை கையிலை" என்று நான் தொடங்குவதற்குள், பின்னால் குந்தியிருந்து உப்புப் போட்டுக்கொண்டிருந்த மக்டலீன் தலையைத் தூக்கினாள்.

"மழை, பிள்ளை. காயேல்லை. இதை அனுப்பினா வழியிலை புழுத்திடும். வெயில் வந்தாப் பாப்பம்."

உடனே லைவை நிறுத்தினேன். "என்ன பிள்ளை, வியாபாரத்தைக் கெடுக்கிறாய்?"

"காயாததைக் காஞ்சதெண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது?"

எப்படிச் சொல்வது என்று எனக்கு இருபது வழி தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

கார்த்திகை 4

மக்டலீன் 'புழுத்திடும்' என்று சொன்ன அந்த வீடியோத் துண்டை யாரோ வெட்டிப் போட, அது கனடா, பிரான்ஸ், நோர்வே எல்லாம் சுற்றிவிட்டது. 'உண்மை சொல்லுற கடை' என்று கீழே எழுதுகிறார்கள். உண்மையாகவே ஆயிரம் தாண்டிவிட்டது. ஆயிரத்து அறுநூறு!

மக்டலீன் காயப்போட இன்னும் இரண்டு தட்டி கட்டினாள். கூரையை மாற்றலாம் என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். அவளின் புருசன் கிறிஸ்ரோபர் கடலில் காணாமல் போன பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் மாற்றலாம் என்று சொன்னதில்லை.

அவளைக் கதைக்க விட்டது என் யோசனைதான் என்று சந்தியில் நாலு பேருக்குச் சொன்னேன்.

கார்த்திகை 21

இணையத்தில் வியாபாரம் செய்வது எப்படி என்று கோட்டுப் போட்ட ஒரு தம்பி வீடியோவில் சொல்கிறார்: பொருளை விற்காதே, உன் கதையை விற்றுப்பார். சனம் அப்போதுதான் நம்பும்.

என் கதை என்ன? சந்தை, வீடு, சந்தை. கடலில் ஏறினால் எனக்குத் தலை சுற்றிச் சத்தி வரும் — இந்த ஊரில் பிறந்த ஆம்பிளை அதைக் கதையாகச் சொல்ல முடியுமோ?

இன்றைய லைவில் "எங்கடை வள்ளம்" என்றேன். எங்கள் ஊர் வள்ளம் என்ற அர்த்தத்திலும் எடுக்கலாம்தானே.

மார்கழி 11

நித்திரை கொள்ளாமல் இருந்து எழுதுகிறேன். சந்தோசத்தில். அல்லது— சந்தோசத்தில்தான்.

இன்றைக்குக் கிறிஸ்ரோபர் போய் ஒன்பது வருடம். காலையில் பூசைக்குப் போய் வந்து லைவ் போட்டேன். பாரைக் கருவாட்டைக் கையில் தூக்கிக்கொண்டு தொடங்கினது, எப்படியோ அவன் கதைக்குப் போய்விட்டது. "மார்கழி மாதம். சோளகக் காத்துச் சுழட்டி அடிக்குது. கடல் பனை உயரத்துக்கு எழும்புது. என்ரை கூட்டாளி திரும்பி வரேல்லை. கரையிலை நிண்ட ஒருத்தரும் அசையேல்லை. நான் தனிய வள்ளத்தைத் தள்ளினன். ரெண்டு நாள் தேடினன். அவன்ரை மனிசிதான் இண்டைக்கு உங்களுக்கு இந்தக் கருவாட்டைப் போட்டுத் தாறா…"

கடைசியில் எனக்கே அழுகை வந்துவிட்டது. நாலாயிரம் பேர் பார்த்தார்கள். இது கூட்டிச் சொன்ன கணக்கில்லை. ஓடர் வந்து குவிகிறது.

அருமைநாயகி குசினியில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு போட்டுத் தந்தாள். பிறகு போய் முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள். காலையில் கூட்டின முற்றம்தான் அது.

மார்கழி 12

கிறிஸ்ரோபரின் தம்பி சுபாஸ் பாரிசில் இருந்து கீழே எழுதியிருக்கிறான்: "மார்கழியிலை சோளகமோ அண்ணை? தேடி ஏழு வள்ளம் போனது. நானும் போனனான். நீங்கள் எதிலை வந்தனீங்கள்?"

மார்கழி 13

வைகாசியில் வீசுவது சோளகம். மார்கழியில் வாடை. இந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? சொல்லும்போது சோளகம் என்றால் வாய் நிறைய இருந்தது. வாடை என்றால் சின்னதாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு காற்றை மாற்றினேன், கடலில் நிற்காதவன் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

சுபாசின் கேள்விக்குக் கீழே எழுநூறு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தர் எனக்கு 'சோளகம் அண்ணை' என்று பெயர் வைத்துவிட்டார். சந்தியால் போக முடியவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். இந்தக் கொப்பியிலாவது. அன்றைக்கு ஏழு வள்ளம் வெளிக்கிட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன். காய்ச்சல் இல்லை. பயம். இரண்டு நாளும் சன்னல் சாத்தித்தான் இருந்தது. முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்குப் பிறகு, தேடப்போன ஆட்களைக் கூப்பிட்டு மக்டலீன் சாப்பாடு கொடுத்தாள். நானும் போனேன். அவர்களோடு ஒரே பாயில் இருந்து சாப்பிட்டேன். அவளே பரிமாறினாள்.

மார்கழி 14

மக்டலீன் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றே கதைத்தாள்.

"நீங்கள் அண்டைக்குப் போகேல்லை எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. வள்ளம் வெளிக்கிடேக்கை நான் கரையிலை நிண்டனான். ஒவ்வொரு முகமாப் பாத்தனான்."

"அப்ப ஏன் பிள்ளை… அந்தச் சாப்பாட்டிலை…"

"பசிச்சு வந்தனீங்கள் எண்டு நினைச்சன். பயப்பிடுறது பாவமோ? உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இருக்கேல்லை." அப்புறம் கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். உப்பில் வெடித்த கைகள். "ஒருத்தரும் அசையேல்லை எண்டு சொல்லிப் போட்டியளே. அந்த ஏழு வள்ளத்துச் சனத்தின்ரை முகத்திலை நான் இனி எப்பிடி முழிக்கிறது? நான் சொல்லித் தந்து நீங்கள் சொன்னதெண்டெல்லோ நினைக்கினம்."

இருக்கச் சொல்லி வாசலில் பாயை விரித்தேன். அவள் அதில் கால் வைக்கவில்லை.

"இனி என்ரை கருவாடு உங்களுக்கு இல்லை அண்ணை." அதையும் கோபமில்லாமல்தான் சொன்னாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் நானும் நாலு சொல்லித் தப்பியிருப்பேன்.

மார்கழி 20

ஓடர் எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறார்கள். அது பரவாயில்லை, எனக்குக் கிடைக்க வேண்டியது. ஆனால் எழுதுவதைப் பாருங்கள்: 'ஆள் பொய்யெண்டா கருவாடும் பொய்தானே.' 'ஆர் கண்டது, பழைய மீனோ என்னவோ.' 'மழை எண்டு சொன்னதும் நடிப்புத்தான்.'

மழை எண்டு சொன்னதும் நடிப்பாமே! ஐயோ, அந்தப் பக்கத்திலை இருந்த ஒரேயொரு உண்மையடா அது. அவள் சொன்னது. நான் நிப்பாட்டினது. சனம் நம்பி வந்தது அவளைப் பாத்துத்தான், என்ரை தொண்டையைக் கேட்டில்லை. நான் இழந்தது என்ரை பேர் எண்டால் போகட்டும், அது எவ்வளவு பெறும்? அவளின்ரை பேரையெல்லே கொண்டுபோய்க் கொட்டிப்போட்டன்.

அவளின் தட்டிகளில் காய்ந்த பாரையும் கட்டாவும் சாக்கில் கிடக்கிறதாம். வாங்க ஆளில்லை. ஒழுகும் கூரைக்குத் தறப்பாள் கட்டியிருக்கிறாள்.

மார்கழி 25

பாலன் பிறப்பு நத்தார்ப் பூசை. பின்வாங்கில் இருந்துவிட்டு முதல் ஆளாக வெளியே வந்துவிட்டேன்.

2025 தை 5

லைவ் போட்டேன். அருமைநாயகிதான் போனைப் பிடித்தாள். "கூட ஒரு சொல் சொன்னியள் எண்டா போனைக் கிணத்துக்கை போட்டிடுவன்" என்று சொல்லித்தான் பிடித்தாள்.

முப்பத்தெட்டு பேர் பார்த்தார்கள். பாதிப்பேர் சிரிக்க வந்தவர்கள்.

சொன்னேன். நான் போகவில்லை. போனவை ஏழு வள்ளம், பதினாறு பேர். பதினாறு பெயரையும் சொன்னேன். எழுதி வைத்துத்தான் வாசித்தேன், ஒன்றும் விடுபடக்கூடாது என்று. எனக்குக் காய்ச்சல் நூற்றிநாலு என்று சொல்ல வாய் எடுத்தது. மனிசி போனுக்கு மேலால் பார்த்தாள். விழுங்கிவிட்டேன். "காய்ச்சல் இல்லை. பயத்திலை படுத்திருந்தனான்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகச் சின்னக் கதை அதுதான்.

"கருவாட்டிலை பொய்யில்லை. அது மக்டலீன் போட்டது. அவவுக்கு நான் என்ன சொல்லப்போறன் எண்டே தெரியாது. சந்தேகம் எண்டா என்னிலை வையுங்கோ" என்று முடித்தேன்.

'இதுவும் கதையோ?' என்று ஒருத்தர் எழுதினார். அவரில் என்ன பிழை?

பக்கத்தை மூடிவிட்டேன்.

தை 19

சுபாஸ் பாரிசில் இருந்து மக்டலீனுக்குப் புதுப் பக்கம் ஒன்று தொடங்கிக் கொடுத்திருக்கிறான். பதினொரு பேர் தொடர்கிறார்கள். நான் பன்னிரண்டாவது. லைக் போடவில்லை. என் பெயரைக் கண்டால் இருக்கிறவர்களும் போய்விடுவார்களோ என்று பயம்.

மாசி 8

அவளின் வீடியோக்களில் பேச்சே இல்லை. கை தெரிகிறது, மீன் தெரிகிறது, காற்றில் தட்டி ஆடும் சத்தம் கேட்கிறது. இன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தாள்: 'சீலாக் கருவாடு கொஞ்சம் உப்புக் கூடிப்போச்சு. கழுவிப்போட்டுச் சமையுங்கோ.'

நானாக இருந்தால்— வேண்டாம். நான் இல்லை.

மாசி 23

மக்டலீன் வீட்டு வாசலில் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்ததும் "என்ன வேணும்?" என்று கேட்டாள். அண்ணை என்று கூப்பிடவில்லை. அரைக் கிலோ கட்டா என்றேன். நிறுத்தாள், பேப்பரில் சுற்றினாள், காசை வாங்கினாள். "அடுத்தது ஆர்?" என்றாள்.

நல்ல கருவாடு.

பங்குனி 16

பழைய நம்பருக்கு ரொறன்ரோவில் இருந்து ஒரு அம்மா எடுத்தா. நடந்தது ஒன்றும் அவவுக்குத் தெரியாது. பாரைக் கருவாடு மூன்று கிலோ வேண்டுமாம். நான் இப்போது விற்பதில்லை என்று மக்டலீனின் நம்பரைச் சொன்னேன். இலக்கம் இலக்கமாக எழுதிக்கொண்டா.

"அவவை நம்பிக் காசு அனுப்பலாமோ, தம்பி?"

சொல்ல எவ்வளவு இருந்தது! அவளைப் போல ஒரு ஆள் ஊரிலேயே இல்லை, வடமாகாணத்திலேயே இல்லை என்று தொடங்கி ஒரு மணித்தியாலம் கூறியிருப்பேன். நாக்கு நுனிக்கு வந்ததை எல்லாம் உள்ளே தள்ளினேன்.

"அனுப்பலாம் அம்மா."

"நீங்கள் அவவுக்கு என்ன முறை? சொந்தமோ?"

"இல்லை அம்மா. வாங்கிச் சாப்பிடுற ஆள்."