நான்கு ஸ்க்ரூ

4 ஜூன் 2024

காலையில் ஜார்ஜ் அண்ணன் வந்தான், அப்பாவின் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு. ஆறு வருஷம் கழித்து இந்தக் காலடிப்பேட்டை வீட்டுக்கு வழி தெரிந்திருக்கிறது. அதன் கழுத்துப் பகுதி, நெக், வளைந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வாங்க ஆள் வருகிறாராம். இதைச் சரிசெய்யத் தெரிந்தவள் இந்தப் பக்கம் நான் ஒருத்திதான்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியபோது ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. ராயபுரம் கோயிலில் பாடும் கொயரில் நான்தான் இதை வாசித்தேன். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் அண்ணன் எடுத்துக்கொண்டு போனான். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு பேஸு?" என்றான். மறப்பேனா?

5 ஜூன்

நெக்குக்குள் ஓடி அதை நிமிர்த்தும் இரும்புக் கம்பியின் திருகு நெக்கின் அடிமுனையில், உடம்புக் கட்டையான பாடிக்குள் மறைந்திருக்கும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி நெக்கைப் பிரித்தேன். மேப்பிள் மரம், மேலே ரோஸ்வுட் பலகை. அடியில் மங்கலாக முத்திரை: 1965. பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

திருகை இரண்டு சுற்று கூடுதலாக முடுக்கினால் உள்ளே அந்த இரும்புக் கம்பி அறுந்துவிடும். யாருக்கும் தெரியாது. கை போனது — சீ, மரம் எனக்கு என்ன செய்தது? அண்ணன்தானே செய்தான். கால் சுற்றில் நிறுத்தினேன். நெக் நேராகிவிட்டது.

7 ஜூன்

நெக் தனி, பாடி தனி. இன்னும் மாட்டவில்லை. மாட்டணுமா?

9 ஜூன், ஞாயிறு

பெங்களூர்க்காரரோடு அண்ணன் வந்தான். பாடியை மட்டும் நீட்டினேன். அப்பா பொருளெல்லாம் ஆளுக்குப் பாதி என்று ஃபாதர் முன்னால் அவனே சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"பாடி ஒனக்கு, நெக்கு எனக்கு. சரிபாதிதாண்ணே."

முத்திரை இல்லாமல் வேண்டாமென்று வந்தவர் கிளம்பிவிட்டார். அண்ணன் முகம் செத்துவிட்டது. "கூடப் பொறந்தவ பண்ற வேலையா இது, ஜானட்டு?" என்று கேட்டுவிட்டு பாடியை எடுத்துக்கொண்டு போனான்.

வயிறு குளிர்ந்தது. மத்தியானம் வஞ்சிரம் வறுத்து நான் ஒருத்தியே நாலு துண்டு சாப்பிட்டேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

அண்ணன் எங்கேயோ ஒரு மட்டமான நெக்கை வாங்கி அந்தப் பாடியில் மாட்டிக் கொயரில் வாசிக்கிறான் என்று ஃப்ளோரா அண்ணி போனில் சொன்னாள். கரகரவென்று இரையும், நாலு பேர் சிரிப்பார்கள், அதைக் கண்ணால் பார்க்கணும் என்று ராயபுரம் கோயிலுக்குப் போனேன்.

இரையவில்லை. தடித்த கம்பியை அவன் தட்டியதும் நெஞ்சுக்குள் அதே அதிர்வு. கம்பி ஓசையைப் பிடிக்கிற பிக்கப் பாடியில்தானே இருக்கிறது. காலமெல்லாம் பிக்கப்புக்குச் செம்புக்கம்பி சுற்றிப் பிழைக்கிறவளுக்கு இது தெரியாதா? ஆத்திரத்தில் விலை எதில் என்று பார்த்தேன், குரல் எதில் என்று பார்க்கவில்லை. பூசை முடிகிறவரை அழுதேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே அண்ணன் எதிரில் வந்தான். நெக்கைக் கேட்பான், கொடுக்க முடியாது என்று சொல்லணும் என்று நின்றேன்.

அவன் கேட்கவே இல்லை.